ஊராட்சி ஒன்றியப் பள்ளி யாருடையது?

தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள்: 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி'. அதன் கீழே ஊர்ப் பெயர், ஒன்றியத்தின் பெயர், பதினோரு இலக்க யுடைஸ் எண். பலகையைப் படித்தால் ஒன்றியம் நடத்துகிற பள்ளி என்றுதான் தோன்றும். ஆனால் உள்ளே பாடம் நடத்தும் ஆசிரியர்களில் ஒருவருக்குக்கூட ஒன்றியம் சம்பளம் கொடுப்பதில்லை. அவர்களை நியமிப்பதும், மாற்றுவதும், விடுப்பு கொடுப்பதும் ஒன்றியம் இல்லை. அப்படியென்றால் ஒன்றியத்துக்கு அங்கே என்ன வேலை? இருக்கிறது. கட்டடம் ஒன்றியத்தினுடையது.

கிராமப்புறக் கல்வி நிர்வாகம் பற்றி நான் எடுத்துவைத்திருந்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தியபோது, திரும்பத் திரும்ப இந்த ஒரு முடிச்சில்தான் வந்து நின்றேன். பள்ளி ஒன்று; அதற்குப் பொறுப்பாளர்கள் ஐந்தாறு பேர். ஏதாவது உடைந்தால், "அது எங்க துறை இல்லீங்க" என்று ஐந்து பேரும் சொல்லலாம். ஐந்து பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். இது எப்படி வந்தது, அன்றாடம் எப்படி நடக்கிறது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

விளக்கத்துக்காக ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை 32 குழந்தைகள். ஒரு தலைமை ஆசிரியர், ஓர் இடைநிலை ஆசிரியர். இரண்டு வகுப்பறை, ஒரு சமையல் கூடம், ஒரு கழிப்பறை, ஒரு கைப்பம்பு. கற்பனைப் பள்ளிதான். ஆனாலும் இதைப் போன்ற பள்ளிகள் எல்லா மாவட்டத்திலும் இருக்கின்றன.

பேர் எப்படி வந்தது?

வெள்ளைக்காரர் காலத்தில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பகுதி இரண்டு கைகளில் இருந்தது. ஒன்று, ஜில்லா போர்டு மாதிரியான உள்ளாட்சி மன்றங்கள். இன்னொன்று, அரசு மானியம் வாங்கி நடத்திய தனியாரும் மிஷன்களும். இன்றைய உதவி பெறும் பள்ளிகளில் பல இந்த இரண்டாவது வகையில் வந்தவை. வயதானவர்கள் இன்னும் 'போர்டு ஸ்கூல்' என்று சொல்வது அந்த முதல் கையின் மிச்சம்.

1958-ல் சென்னை ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1960 அக்டோபரிலிருந்து படிப்படியாக ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. ஜில்லா போர்டுகள் மறைந்தன. அவற்றின் தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களுக்கு வந்தன. கட்டடம், ஆசிரியர், சம்பளப் பட்டியல், மாறுதல் எல்லாமே ஒன்றியத்தின் கையில். ஒன்றியத் தலைவரும் ஆணையரும் நினைத்தால் ஓர் ஆசிரியரைக் கடைக்கோடிக் கிராமத்துக்குத் தூக்கிப் போடலாம். சம்பளம் தாமதமாவது, உள்ளூர் அரசியலில் ஒத்துப்போகாத ஆசிரியர் பழிவாங்கப்படுவது என்று குறைகள் குவிந்தன. எங்களை அரசு ஊழியராக்குங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் நீண்ட காலம் கேட்டன.

1981 ஜூன் 1 முதல் அது நடந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட்டார்கள். ஆசிரியர் கல்வித் துறைக்குப் போனார். கட்டடமும் இடமும் ஒன்றியத்திடமே நின்றுவிட்டன. பலகையில் பேரும் மாறவில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கிற முடிச்சு விழுந்தது இந்த நாளில்தான்.

ஆசிரியரின் பணி வாழ்க்கையில் ஒன்றியத்தின் தடம் ஒன்று மட்டும் அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்தது. பதவி உயர்வுக்கான முன்னுரிமைப் பட்டியலை ஒன்றிய அளவில்தான் போட்டார்கள். 2023 டிசம்பர் 21-ல் வந்த அரசாணை 243 அதை மாநில அளவிலான முன்னுரிமையாக மாற்றியது. தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்கள் அதை எதிர்த்துப் போராடின. பதவி உயர்வு வேண்டுமானால் தொலைதூர மாவட்டத்துக்குப் போக நேரும் என்பது அவர்களின் முக்கியமான கவலை. அந்த அரசாணை சரியா தவறா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆசிரியருக்கும் ஒன்றியத்துக்கும் இருந்த கடைசி நூலும் அதோடு அறுந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

ஆசிரியர் பக்கத்து ஏணி

நம்முடைய பள்ளியின் தலைமை ஆசிரியருக்கு நேர் மேலதிகாரி வட்டாரக் கல்வி அலுவலர், அதாவது பி.இ.ஓ. முன்பு உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்று பெயர். பழைய ஆட்கள் இன்னும் 'ஏ.இ.ஓ. ஆபீஸ்' என்பார்கள். சம்பளப் பட்டியல் அங்கேதான் தயாராகிறது. பணிப்பதிவேடு அங்கே இருக்கிறது. ஆண்டாய்வுக்கு வருவதும் அவர்தான்.

பி.இ.ஓ.வுக்கு மேலே மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி). அவருக்கு மேலே முதன்மைக் கல்வி அலுவலர். சென்னையில் தொடக்கக் கல்வி இயக்குநர். இந்த ஏணியின் நடுப்படி கடந்த சில ஆண்டுகளில் இரண்டு முறை மாற்றப்பட்டது. 2018 மே மாதம் அரசாணை 101 தொடக்கக் கல்விக்கென இருந்த மாவட்ட அலுவலர் பதவியை எடுத்துவிட்டு, ஒரே மாவட்டக் கல்வி அலுவலர் எல்லாப் பள்ளிகளையும் பார்க்கட்டும் என்றது. 2022 செப்டம்பரில் அரசாணை 151 தொடக்கக் கல்விக்குத் தனி அலுவலரைத் திரும்பக் கொண்டுவந்தது.

இந்த ஏணிக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஏணி நிற்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், பழைய பழக்கத்தில் 'எஸ்.எஸ்.ஏ.'. வட்டார வள மையம், மேற்பார்வையாளர், ஆசிரியர் பயிற்றுநர்கள் எல்லாம் இந்தப் பக்கம். பயிற்சி, வகுப்பறைப் பார்வை, 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் மதிப்பீடுகள், பள்ளி மானியம் இவர்கள் வழியாக வருகின்றன. மாவட்ட அளவில் முதன்மைக் கல்வி அலுவலரே இரண்டு ஏணிக்கும் தலை. கீழே வட்டாரத்தில் அலுவலகங்கள் இரண்டு. ஒரே தகவலை இரண்டு இடமும் தனித்தனியாகக் கேட்கும்.

எத்தனை ஆசிரியர் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? குழந்தைகளின் எண்ணிக்கை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. ஆகஸ்ட் 1-ம் தேதி வருகைப் பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள். கூடுதலாக இருப்பவர் 'உபரி'. பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். ஜூலை மாதம் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்ப்பதன் பின்னால் இந்தத் தேதியின் அழுத்தமும் இருக்கிறது.

நம்முடைய பள்ளியில் 32 குழந்தைகளுக்கு இரண்டு ஆசிரியர். விகிதக் கணக்கில் ரொம்ப நல்ல பள்ளி. ஆனால் வகுப்பு ஐந்து. இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்கோ, கூட்டத்துக்கோ, விடுப்பிலோ போனால் மிச்சமிருப்பவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். காகிதத்தில் தெரியும் விகிதத்துக்கும் அன்றைய வகுப்பறைக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளிதான் சின்னப் பள்ளிகளின் உண்மையான பிரச்சினை.

கட்டடப் பக்கம்

இப்போது மழைக்காலம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பறையின் மேற்கூரையில் காரை பெயர்ந்து விழுகிறது. தலைமை ஆசிரியர் யாரிடம் சொல்வார்? பி.இ.ஓ.விடம் எழுதிக் கொடுப்பார். பி.இ.ஓ.விடம் கட்டடத்துக்கான பணமும் இல்லை, பொறியாளரும் இல்லை. அவர் அதை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, அதாவது பி.டி.ஓ.வுக்கு அனுப்புவார். பி.டி.ஓ. ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்தவர். ஒன்றியப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும்; மதிப்பீடு போட வேண்டும்; ஏதாவது ஒரு திட்டத்தில் நிதி கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பொறியாளருக்குச் சாலை, குடிநீர்த் தொட்டி, வீட்டுத் திட்டம் என்று நூறு வேலை. பள்ளி அதில் ஒன்று.

இடிக்க வேண்டிய கட்டடம் என்றால் இன்னும் நீளம். பயன்படுத்தத் தகுதியற்றது என்று சான்று, இடிக்க அனுமதி, பழைய பொருளுக்கு மதிப்பு, ஏலம். அதுவரை கட்டடம் நிற்கும். குழந்தைகள் அதன் பக்கத்திலேயே விளையாடுவார்கள்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஓர் உதவி பெறும் பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிப்பது வேகம் பிடித்தது. இடித்த இடத்தில் புதிதாகக் கட்ட, ஊரக வளர்ச்சித் துறை வழியாகக் குழந்தைநேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் வந்தது. பேராசிரியர் அன்பழகன் பெயரிலான பள்ளி மேம்பாட்டுத் திட்டமும் வந்தது. பல ஊர்களில் நல்ல வகுப்பறைகள் எழுந்திருக்கின்றன. மூன்று உயிர் போன பிறகு வாரக்கணக்கில் நகர முடிந்த கோப்பு, அதற்கு முன்னால் ஏன் ஆண்டுக்கணக்கில் நகரவில்லை என்ற கேள்வி எனக்கு அடங்கவில்லை. விதிகள் பெரிதாக மாறிவிடவில்லை. இரண்டு துறையும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைப் பார்க்க வேண்டிய கட்டாயம் வந்தது, அவ்வளவுதான்.

சோறு, தண்ணீர், கழிப்பறை

மதிய உணவு சமூக நலத் துறையினுடையது. 1982 ஜூலை 1-ல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் யாரும் பள்ளிக் கல்வித் துறை ஊழியர்கள் இல்லை. ஒன்றிய அலுவலகத்தில் சத்துணவுப் பிரிவு அவர்களைப் பார்த்துக்கொள்கிறது. தலைமை ஆசிரியர் சாப்பாட்டைச் சுவைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அமைப்பாளருக்கு அவர் மேலதிகாரி இல்லை.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. கிராமத்தில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். ஆக, ஒரே வளாகத்தில் காலைக்கு ஒரு குழு, மதியத்துக்கு ஒரு குழு. வெவ்வேறு கணக்கு, வெவ்வேறு சம்பள வழி. குழந்தைகளுக்குச் சூடாகச் சாப்பாடு கிடைக்கிறது என்பதில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை பத்தரை மணிக்கே வாடிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் திட்டத்தின் அருமை தெரியும். நான் சொல்ல வருவது ஏற்பாட்டின் வடிவத்தை மட்டும்.

தண்ணீர் கிராம ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிறது. கழிப்பறையைச் சுத்தம் செய்பவருக்கான ஏற்பாடு ஊரக வளர்ச்சித் துறை வழியாக. சேர்த்துப் பார்த்தால், ஒன்றாம் வகுப்புக் குழந்தை காலையில் வந்து மாலையில் போவதற்குள் குறைந்தது மூன்று துறைகளின் வேலையைத் தொட்டுவிட்டுப் போகிறது. மூன்றையும் ஒன்றாகப் பார்க்கிற ஒரே ஆள் தலைமை ஆசிரியர். மூன்றில் இரண்டின்மேல் அவருக்கு அதிகாரம் கிடையாது.

பள்ளியின் கையில் எவ்வளவு பணம்?

பள்ளி தானாகச் செலவு செய்யக்கூடிய முக்கியமான தொகை கூட்டுப் பள்ளி மானியம். இதுவும் குழந்தை எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. அதற்கு மேல் 250 வரை 50,000. சுண்ணாம்பு, பதிவேடு, சின்னப் பழுது, சுகாதாரப் பொருள் எல்லாம் இதற்குள்தான். பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கென்று ஒதுக்க வேண்டும்.

நம்முடைய பள்ளியில் 32 பேர், ஆகவே 25,000. அடுத்த ஆண்டு இரண்டு குடும்பம் வேலைக்காகத் திருப்பூருக்குப் போய்விட்டது, 29 ஆகிவிட்டது என்று வையுங்கள். மானியம் 10,000. மூன்று பிள்ளை குறைந்ததால் கதவோ, கூரையோ, கழிப்பறையோ குறையவில்லை. பராமரிப்புச் செலவு அப்படியே இருக்கிறது, பணம் பாதிக்கும் கீழே. சின்னப் பள்ளி பார்க்க மோசமாகிறது. பார்க்க மோசமானதும் இன்னும் நாலு பேர் வேன் வருகிற தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். யாரும் மூடச் சொல்லாமலே ஒரு பள்ளி இப்படித் தேய்ந்துபோக முடியும்.

இந்தத் திட்டப் பணம் ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் வருவது. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், 2024-25-க்கான ஒன்றிய அரசின் பங்கு, சுமார் 2,152 கோடி ரூபாய், அந்த ஆண்டில் விடுவிக்கப்படவில்லை. டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே நடந்த தகராறு. அதன் நிழல், கதவுக்குக் கீல் வாங்க வேண்டிய பள்ளிவரை விழக்கூடியது.

எமிஸும் எச்.எம்.மும்

இத்தனை துறைக்கும் தகவல் போக வேண்டும். மாணவர் வருகை, ஆசிரியர் வருகை, காலை உணவு எண்ணிக்கை, சத்துணவு எண்ணிக்கை, இலவசப் புத்தகம், சீருடை, காலணி, மதிப்பீட்டு மதிப்பெண், குழுத் தீர்மானம் என்று பட்டியல் நீளும். பெரும்பகுதி எமிஸ் தளத்திலும் செயலிகளிலும் ஏற்றப்படுகிறது. மேல்நிலைப் பள்ளியில் இதற்கு அலுவலகப் பணியாளர் இருப்பார். தொடக்கப் பள்ளியில் எழுத்தரும் இல்லை, உதவியாளரும் இல்லை. எச்.எம்.தான் எழுத்தர். டவர் கிடைக்கிற வேப்பமரத்தடியில் போனோடு நிற்கும் ஆசிரியரைப் பார்த்து, "வாத்தியார் எப்பப் பாத்தாலும் போன்தான்" என்று ஊர் பேசும். அவர் உள்ளிடுவது அந்த ஊர்ப் பிள்ளைகளின் வருகையாகவும் இருக்கலாம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு கற்பித்தல் சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. பள்ளிக்குள்ளேயே உட்கார்ந்து செய்யும் தரவு வேலையை அந்தப் பிரிவு தொடவில்லை. இரு ஆசிரியர் பள்ளியில் ஒருவரின் நேரம் போகும் வழி அதுதான்.

ஊருக்கு என்ன இடம்?

காமராசர் காலத்தில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் மேசை, நாற்காலி, நிலம், பணம் கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' அதே எண்ணத்தின் இன்றைய வடிவம். ஆனால் கொடுப்பது வேறு, கேட்பது வேறு. கேட்பதற்கான இடம் பள்ளி மேலாண்மைக் குழு. சட்டத்தின் 21-வது பிரிவுப்படி உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 20 பேர் இருந்த குழு, 2024 மறுசீரமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து 24 ஆனது. குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. ஆனால் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். 2016 முதல் 2019 வரையும் இதே நிலைதான். பள்ளிக்கும் ஊராட்சிக்கும் பாலமாக இருக்க வேண்டிய ஆள் இப்படி அடிக்கடி காணாமல் போகிறார்.

அரசியல் சட்டத்தின் 11-வது அட்டவணையில் 17-வது இனமாகத் தொடக்க, இடைநிலைக் கல்வி இருக்கிறது. ஊராட்சிக்குக் கொடுக்கலாம் என்ற பட்டியல் அது. அதைக் காட்டி, "மொத்தத்தையும் ஊராட்சி கையில குடுத்துடுங்க" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. 1981-க்கு முன்னால் ஆசிரியர்கள் பட்டதை மறந்துவிட முடியாது. ஊர் என்றால் அதற்குள் தெருக்கள் உண்டு, சாதி உண்டு. எந்தத் தெருவிலிருந்து வந்த ஆசிரியர், எந்தத் தெருப் பெண் சமைக்கிறார் என்று பார்க்கிற ஊரில், ஆசிரியரின் சம்பளமும் மாறுதலும் ஊர்ப் பெரியவர்கள் கையில் இல்லாமல் இருப்பது ஒரு பாதுகாப்பு. அதை இழக்கக் கூடாது.

எனக்குத் தோன்றும் வழி சின்னது. பி.இ.ஓ., பி.டி.ஓ., சத்துணவுப் பிரிவு, வள மையம் நாலும் வட்டார அளவில்தான் இருக்கின்றன. மாதம் ஒரு நாள் நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, பள்ளிவாரியாகக் கோப்பைப் பார்த்து, எந்த வேலை யாரிடம், எந்தத் தேதிக்குள் என்று எழுதி, அந்தத் தாளைப் பள்ளிச் சுவரில் ஒட்டச் சொன்னால் போதும். கடிதம் தூக்கி அலையும் வேலை எச்.எம்.மிடமிருந்து போகும். புதுச் சட்டம் வேண்டாம், புதுப் பதவியும் வேண்டாம்.

அது வரும்வரை பெற்றோருக்கு ஒரு வழி உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 32-வது பிரிவுப்படி, குழந்தையின் கல்வி உரிமை பற்றிய குறையை யாரும் உள்ளூர் அதிகார அமைப்பிடம் எழுத்தில் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் அது முடிவெடுக்க வேண்டும். 'உள்ளூர் அதிகார அமைப்பு' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் ஊராட்சியும் வருகிறது, பள்ளியின்மேல் நிர்வாகக் கட்டுப்பாடு உள்ள அமைப்பும் வருகிறது. அதனால் மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகலோடு, ஒரே மனுவை பி.இ.ஓ., பி.டி.ஓ. இருவருக்கும் பெயர் போட்டுக் கொடுங்கள். இரண்டு இடத்திலும் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். அடுத்த கிராம சபையில் அதையே தீர்மானமாக்குங்கள்; ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கிறது. "எங்க துறை இல்லீங்க" என்று ஒருவர் சொன்னால், அதை எழுத்தில் கேட்டு வாங்கி, அடுத்தவரிடம் கொடுக்கும் மனுவோடு சேர்த்து வையுங்கள்.